சிங்கப்பூரின் ஐஎம்டிஏ: படத்துக்கு வயது குறிப்பதும் இதுவே, போன் கம்பெனிக்கு உரிமம் தருவதும் இதுவே

தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் தியேட்டர் வாசலில் ஒருமுறையாவது திகைத்து நிற்பார்கள். ஊரில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய ‘யுஏ’ சான்றிதழில் ஓடும் படம், இங்கே என்சி16 என்ற முத்திரையோடு வந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பையனை உள்ளே விடமாட்டார்கள். “நாங்க கூடவே இருக்கோமே” என்று அப்பாவும் அம்மாவும் சொன்னாலும் பயனில்லை. பதினாறு நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை என்றால் இல்லைதான். டிக்கெட் கிழிப்பவர் வைத்த விதி அல்ல இது. படத்துக்கு அந்த முத்திரையைக் குத்தியது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எல்லாரும் ஐஎம்டிஏ என்பார்கள்.

இதே ஆணையம்தான் கைப்பேசி நிறுவனங்களுக்கு உரிமம் தருகிறது, அலைக்கற்றையை ஏலம் விடுகிறது, தொலைக்காட்சியில் எதை எத்தனை மணிக்குக் காட்டலாம் என்று விதி வகுக்கிறது, ஃபேஸ்புக்கும் டிக்டாக்கும் குழந்தைகளை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இந்தியாவில் இவற்றுக்குத் தனித்தனி வாசல்கள். படத்துக்குச் சென்சார் போர்டு, தொலைபேசிக் கட்டண விவகாரத்துக்கு டிராய், அலைக்கற்றைக்குத் தொலைத்தொடர்புத் துறை, டிவி சேனலுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். சிங்கப்பூரில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஏன், அந்தக் கூரைக்குக் கீழே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1999 டிசம்பரில் தேசிய கணினி வாரியத்தையும் தொலைத்தொடர்பு ஆணையத்தையும் இணைத்து ஐடிஏ என்ற அமைப்பு உருவானது. 2003 ஜனவரி 1இல் ஒலிபரப்பு ஆணையம், திரைப்படங்களையும் வெளியீடுகளையும் கவனித்த அரசுத் துறை, திரைப்பட ஆணையம் மூன்றும் சேர்ந்து எம்டிஏ ஆயின. சுருக்கமாகச் சொன்னால், முதலாவது அமைப்பின் பொறுப்பு குழாய்; இரண்டாவதன் பொறுப்பு அதில் ஓடும் தண்ணீர். கொஞ்ச காலம் இந்தப் பிரிவினை சரியாகவே வேலை செய்தது. ஆனால் படம், செய்தி, பாட்டு, தொலைபேசி உரையாடல் எல்லாம் ஒரே கைப்பேசிக்குள், ஒரே இணைய இணைப்பு வழியாக வரத் தொடங்கியபோது எது யாருடைய பொறுப்பு என்று பிரிப்பது கடினமாகிவிட்டது. தொலைபேசி நிறுவனமே கட்டணத் தொலைக்காட்சியும் நடத்தியது. 2016 அக்டோபர் 1இல் இரண்டையும் சேர்த்து ஐஎம்டிஏ ஆக்கினார்கள். இன்று அது மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சின் கீழ் இயங்கும் ஆணைபெற்ற கழகம், அதாவது சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசு அமைப்பு. அமைச்சின் கீழ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த ஆணையத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் பிடிபட்டால் போதும்: அதன் கைப்பிடி உரிமம். வானொலியோ தொலைக்காட்சியோ தொலைபேசிச் சேவையோ, உரிமம் இல்லாமல் யாரும் நடத்த முடியாது. உரிமத்தோடு நிபந்தனைகள் வரும். மீறினால் எச்சரிக்கை, அபராதம், கடைசியில் உரிம ரத்து. போலீஸ்காரரோ நீதிமன்றமோ வருவதற்கு முன்பே வேலை நடந்துவிடும், ஏனென்றால் தொழிலை இழக்க எந்த நிறுவனமும் விரும்பாது. திரைப்படத்துக்கும் இதே தர்க்கம்தான். விநியோகிப்பவருக்கு உரிமம் வேண்டும், பொதுவில் காட்டும் படத்துக்கு வகைப்பாடு வேண்டும்.

திரைப்பட வகைப்பாட்டில் மொத்தம் ஆறு படிகள். ஜி எல்லாருக்கும். பிஜி பெற்றோர் பார்த்து முடிவு செய்ய. பிஜி13 பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது. இந்த மூன்றும் வெறும் ஆலோசனைதான். பத்து வயதுப் பிள்ளையைப் பிஜி13 படத்துக்கு நீங்கள் அழைத்துப் போனால் யாரும் தடுக்கமாட்டார்கள். அதற்கு மேல் வரும் என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் சட்டம். பதினாறு, பதினெட்டு, இருபத்தொன்று நிரம்பியிருந்தால்தான் உள்ளே போகலாம். சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், வயது குறைந்தவரை அனுமதித்தால் தியேட்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆலோசனை எங்கே முடிகிறது, தடை எங்கே தொடங்குகிறது என்ற அந்தக் கோடு முக்கியமானது. இந்தியாவில் 2023இல் சினிமா சட்டத்தைத் திருத்தி யுஏ பிரிவை 7, 13, 16 என்று மூன்றாக உடைத்தார்கள். அங்கே யுஏ 16 என்பது இன்னமும் பெற்றோருக்கான அறிவுரைதான். இங்கே என்சி16 என்பது கதவு. எண் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, இணையத்தில் ஐந்து டிக்கெட் வாங்கிவிட்டுக் குழந்தையோடு வெளியே நிற்கும் குடும்பங்கள் அதனால்தான்.

அப்புறம், ஒரு படம் எந்தப் படியில் விழும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? கதைக்கரு, வன்முறை, பாலியல் காட்சி, நிர்வாணம், பேசும் மொழி, போதைப்பொருள், திகில் ஆகியவற்றைத் தனித்தனியாக எடை போடுகிறார்கள். ரத்தம் எத்தனை சொட்டு என்று எண்ணும் கணக்கு அல்ல. காட்சி எவ்வளவு விவரமாக இருக்கிறது, எத்தனை முறை வருகிறது, கதைக்கு அது தேவையா என்பதெல்லாம் சேர்ந்து வரும். நம் படங்கள் மாட்டுவது பெரும்பாலும் வன்முறையில். கத்தி வெட்டும் அடிதடியும் தமிழ் சினிமாவில் சாதாரணமாகிவிட்டதால் நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் படுகிறது. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. கழுத்தறுக்கும் காட்சியை எட்டு வயதுக் குழந்தை பார்க்கக் கூடாது என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும், அதைச் சொல்லும் தைரியம் பல வீடுகளில் இல்லை. முத்திரைக்குப் பக்கத்திலேயே ‘சில வன்முறைக் காட்சிகள்’ என்பது போல ஒரு வரிக் குறிப்பும் இருக்கும். முத்திரையைவிட அந்த ஒரு வரி பெற்றோருக்கு அதிகம் உதவும் என்பேன்.

எல்லாப் படத்தையும் ஆணையத்து அதிகாரிகளே பார்ப்பதில்லை. 2018இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியபோது, விநியோக நிறுவனங்களின் பயிற்சி பெற்ற ஊழியர்களே பிஜி13 வரையிலான படங்களை வகைப்படுத்த வழி செய்யப்பட்டது. மேலே உள்ள படிகளுக்கு ஆணையம் பார்க்கும். சிக்கலான படம் என்றால் பொதுமக்களில் பல தரப்பினர் இருக்கும் ஆலோசனைக் குழுவின் கருத்தையும் கேட்பார்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

இந்த ஆறு படிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1991 வரை சிங்கப்பூரில் வயதுவாரியான பிரிவே கிடையாது. படம் எல்லாருக்கும் பொருந்த வேண்டும், இல்லையென்றால் கத்தரிக்கோல், அதுவும் போதாது என்றால் தடை. 1991இல் முதல் வயதுப் பிரிவு வந்தது, 1993இல் என்சி16, 2004இல் எம்18உம் ஆர்21உம், 2011இல் பிஜி13. படிகள் கூடக் கூட வெட்டு குறைந்தது. பெரியவர்கள் முழுப் படத்தையும் பார்க்கலாம், பிள்ளைகள் வளர்ந்ததும் பார்க்கலாம் என்ற ஏற்பாடு. தணிக்கைக்கும் வகைப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆனால் வகைப்பாட்டுக்கு வெளியே ஒரு ஏழாவது முடிவும் உண்டு: எந்தப் பிரிவிலும் அனுமதி இல்லை. பொதுவில் காட்டவோ விநியோகிக்கவோ முடியாது என்று பொருள். 2022 மே மாதம் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ என்ற இந்திப் படத்துக்கு இந்த முடிவு வந்தது. முஸ்லிம்களை ஒருதலைப்பட்சமாகவும் ஆத்திரமூட்டும் விதத்திலும் காட்டுகிறது, பல இனங்களும் மதங்களும் சேர்ந்து வாழும் நாட்டில் இது பிளவை உண்டாக்கும் என்று அதிகாரிகள் காரணம் கூறினார்கள். அதற்கு முன், 2014இல், நாட்டை விட்டு வெளியேறி வாழ்ந்த சிங்கப்பூர் அரசியல் அகதிகளைப் பற்றி டான் பின் பின் எடுத்த ‘டு சிங்கப்பூர், வித் லவ்’ என்ற ஆவணப்படத்துக்கும், அன்றைய எம்டிஏ இதே முடிவைத்தான் தந்தது. தேசியப் பாதுகாப்பைக் குலைக்கும் என்பது அங்கே காரணம். இயக்குநர் மேல்முறையீடு செய்தார்; குழுவில் பன்னிரண்டு பேர் வாக்களித்து, ஒன்பது பேர் தடையை ஆதரித்தார்கள்.

இரண்டையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. அண்டை வீட்டாரின் மதத்தின் மேல் வெறுப்பை ஊட்டுவதைத் தடுப்பதற்கு 1964 இனக் கலவரங்களை நினைவில் வைத்திருக்கும் நாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. வயதான சிலர் தங்கள் கதையைச் சொல்வதைப் பார்க்க வயது வந்தவர்களுக்குக்கூட அனுமதி இல்லை என்பதில் அந்த நியாயம் எனக்குத் தெரியவில்லை. பின்னதில் பாதுகாக்கப்பட்டது குழந்தையோ சமூக அமைதியோ அல்ல, அரசு சொல்லும் வரலாறு. ஆணையம் அமைச்சின் கீழ் இருக்கிறது என்பதை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். படத்துக்கு வயது குறிக்கும் வேலையில் அது பெரிய விஷயமே இல்லை. அரசியல் உள்ள படத்தில் அதுவே பெரிய விஷயம். கட்சி அரசியல் படங்களுக்கும் சட்டத்திலேயே தடை இருக்கிறது. 2009இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், முழுமையாக எடுக்கவில்லை.

இரண்டு முனைக்கும் இடையே சமூக வழக்கம் சார்ந்த முடிவுகளும் வரும். 2022இல் டிஸ்னியின் ‘லைட்இயர்’ கார்ட்டூன் படத்தில் இரண்டு பெண்கள் முத்தமிடும் சிறு காட்சிக்காக என்சி16 தரப்பட்டது. அந்தக் காட்சி இல்லாத பிரதியைப் பிஜி பிரிவிலும் முழுப் பிரதியை என்சி16இலும் வெளியிடலாம் என்று ஆணையம் யோசனை சொன்னது. நிறுவனம் ஏற்கவில்லை. அதனால் குழந்தைகளுக்காக எடுத்த படத்தைக் குழந்தைகள் தியேட்டரில் பார்க்க முடியவில்லை.

தொலைக்காட்சிக்கு வருவோம். இலவச ஒளிவழிகளில் உச்சவரம்பு பிஜி13, அதுவும் இரவு பத்து மணிக்குப் பிறகு. தமிழுக்கென்று இருக்கும் வசந்தம் ஒளிவழிக்கும் இது பொருந்தும். இதே ஆணையம் பொதுச்சேவை நிகழ்ச்சிகளுக்கு நிதியும் தருகிறது. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பினால் இங்கே நாலு மொழிகளில் எல்லாவற்றிலும் நாடகமும் சிறுவர் நிகழ்ச்சியும் செய்திச் சுருளும் எடுக்க முடியாது. தமிழ் நிகழ்ச்சிகள் தொடர்ந்து வருவதற்கு அந்தப் பணம் ஒரு முக்கியக் காரணம். கட்டுப்படுத்துவதோடு வளர்ப்பதும் அதன் வேலை. பெயரிலேயே ‘மேம்பாடு’ இருக்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றுக்கு 2018 மார்ச் முதல் தனி உள்ளடக்க விதித்தொகுப்பு இருக்கிறது. அங்கே ஆர்21 வரை காட்டலாம், ஆனால் ரகசிய எண் போட்டுத் திறக்கும் பூட்டு கட்டாயம். அந்தப் பூட்டு இருந்தும் சில வேண்டாம் என்று ஆணையம் சொன்னதுண்டு. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட அறிக்கையின்படி, அதுவரை அரசுகள் கேட்டு உலகெங்கும் நீக்கியவை ஒன்பது. அதில் ஐந்து சிங்கப்பூர் கேட்டவை. அந்த ஐந்தில் மூன்று கஞ்சா தொடர்பானவை. இந்த நாட்டின் போதைப்பொருள் சட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. வீடியோ கேம்களுக்கும் 2008 முதல் வகைப்பாடு உண்டு, எம்18 என்பது அங்கே உச்சம்.

இனி குழாய் பக்கம். இங்கே ஆணையத்தின் வேலை சலிப்பூட்டும் அளவுக்குத் தொழில்நுட்பம், ஆனால் நம் பணத்தோடும் பாதுகாப்போடும் நேரடித் தொடர்புள்ளது. 2000 ஏப்ரல் 1இல் தொலைத்தொடர்புச் சந்தை முழுவதுமாகத் திறந்துவிடப்பட்டது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று மூன்று பேர் இருந்த கைப்பேசிச் சந்தையில் நான்காமவர் வரட்டும் என்று புதியவருக்கே ஒதுக்கிய அலைக்கற்றையை 2016இல் ஏலம் விட்டார்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2008இல் வந்தது. 2ஜி 2017இலும் 3ஜி 2024இலும் நிறுத்தப்பட்டன. சேவை பெரிய அளவில் தடைபட்டால் விசாரணை உண்டு. 2013 அக்டோபரில் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி இணைப்பகத்தில் தீப்பிடித்துப் பல்லாயிரம் வீடுகளும் கடைகளும் இணைப்பிழந்தபோது, அன்றைய ஐடிஏ சிங்டெல்லுக்குப் போட்ட அபராதம் 60 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்).

இதைவிட நம் அன்றாட வாழ்க்கையைத் தொட்டது குறுஞ்செய்தி விவகாரம். 2021 டிசம்பரில் ஒரு பெரிய வங்கியின் பெயரில் போலிச் செய்திகள் பறந்தன. அனுப்புநர் பெயரைப் போலியாக வைக்க முடிந்ததால், வங்கியின் உண்மையான பழைய செய்திகள் இருக்கும் அதே வரிசையிலேயே அவை வந்து விழுந்தன. சந்தேகப்பட வழியே இல்லை. 790 பேர் இழந்தது 1.37 கோடி வெள்ளி. அதற்குப் பிறகுதான், பெயர் வைத்துக் குறுஞ்செய்தி அனுப்பும் எந்த அமைப்பும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஐஎம்டிஏ உத்தரவிட்டது; 2023 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. பதியாதவர்களின் செய்தி ‘மோசடியாக இருக்கலாம்’ என்று பொருள்படும் தலைப்போடு வந்து சேரும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி தெரிவதும் ஆணையம் கொண்டுவந்த ஏற்பாடுதான். உள்ளூர் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு கூட்டல் குறியோடு ஒருவர் அழைத்தால், அவர் வெளிநாட்டிலிருந்து பேசுகிறார் என்று பொருள். வைத்துவிடலாம்.

சரி, உரிமம்தான் கைப்பிடி என்றோமே, கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு உலகம் முழுதும் காணொளி பரப்பும் நிறுவனத்தை என்ன செய்வது? ஆணையத்தின் இன்றைய பெரிய தலைவலி இதுதான். 1996லேயே இணையத்துக்கு ஒரு பொது உரிமத் திட்டம் வந்துவிட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் அடையாளமாக நூறு தளங்களைத் தடுக்க வேண்டும் என்றார்கள், பெரும்பாலும் ஆபாசத் தளங்கள். இணையம் முழுவதையும் வடிகட்ட முடியாது, சமூகம் எதை ஏற்கவில்லை என்று காட்டினால் போதும் என்ற எண்ணம். 2013இல் செய்தித் தளங்களுக்குத் தனி உரிமம் வந்தது. வாரம் ஒரு சிங்கப்பூர்ச் செய்தியாவது போட்டு, மாதம் 50,000 பேரைச் சென்றடையும் தளம் என்றால் 50,000 வெள்ளி பிணைத்தொகை கட்ட வேண்டும். நீக்கச் சொன்னால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும். சிறிய சுயேச்சைத் தளங்களை இது பயமுறுத்தும் என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பெரிய பத்திரிகைக்கு 50,000 வெள்ளி ஒன்றுமில்லை, நாலு பேர் சேர்ந்து நடத்தும் தளத்துக்கு அது உயிர்ப்பிரச்சினை.

சமூக ஊடகங்களுக்கோ இந்த முறைகள் எதுவும் பொருந்தவில்லை. அதனால் 2023 பிப்ரவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் அதே ஆண்டு ஜூலையில் நடத்தை விதித்தொகுப்பும் வந்தன. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப், இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டர், உள்ளூர்த் தளமான ஹார்ட்வேர்ஸோன் ஆறும் அதன் கீழ் வருகின்றன. பாலியல், வன்முறை, தற்கொலை, இணையத் துன்புறுத்தல் போன்றவற்றிலிருந்து பயனாளரைக் காக்க ஏற்பாடு வேண்டும், பிள்ளைகளின் கணக்குகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும், புகார்களை என்ன செய்தார்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். தவறினால் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம். மிக மோசமான உள்ளடக்கத்தை நீக்கச் சொல்லியும் தளம் கேட்கவில்லை என்றால், அந்தத் தளத்தையே தடுக்கும்படி உள்ளூர் இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிடலாம். கவனியுங்கள், கடைசியில் கை மறுபடியும் குழாயிடம்தான் போகிறது. இரண்டும் ஒரே அமைப்பிடம் இருப்பதால் கிடைக்கும் பலம் இது. 2025 மார்ச் இறுதியிலிருந்து ஆப்பிள், கூகுள் போன்றவற்றின் செயலிக் கடைகளுக்கும் இதேபோன்ற விதித்தொகுப்பு நடப்பில் இருக்கிறது.

ஒரு காணொளியை ஓர் அதிகாரி உட்கார்ந்து பார்த்து முத்திரை குத்தும் காலம் இங்கே முடிந்துவிட்டது. ஏற்பாடு ஒழுங்காக இருக்கிறதா என்று நிறுவனத்தைத்தான் சோதிக்க முடியும். இது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தியேட்டர் வாசலில் பதினைந்து வயதுப் பிள்ளையை நிறுத்திவைத்த அதே ஆண்டுகளில், அந்தப் பிள்ளையின் கைப்பேசியில் எல்லாம் திறந்தே கிடந்தது.

ஆணையத்தோடு சேர்ந்தே இயங்கும் இரண்டு அமைப்புகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று பொஃப்மா அலுவலகம். இணையத்தில் பரவும் பொய்ச் செய்திக்கு எதிராக 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத்தை நிறைவேற்றுவது அது. எது பொய் என்று முதலில் தீர்மானிப்பது அமைச்சர், ஆணையம் அல்ல. இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. மற்றொன்று தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம். 2018இல் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்ட சிங்ஹெல்த் சம்பவத்தில், அந்த மருத்துவக் குழுமத்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளியும் அதன் கணினிகளை நிர்வகித்த நிறுவனத்துக்கு ஏழரை லட்சம் வெள்ளியும் அபராதம் விதித்தது இதுதான்.

புதிதாக இங்கே குடியேறியவர்கள் உடனே செய்துகொள்ளக்கூடியவை மூன்று. டிக்கெட் வாங்குவதற்கு முன் படத்தின் வகைப்பாட்டையும் அந்த ஒரு வரிக் குறிப்பையும் ஐஎம்டிஏவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். இந்தியச் சான்றிதழை நம்பிப் போக வேண்டாம். தொல்லை விளம்பர அழைப்புகள் வந்தால் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்; கட்டணம் இல்லை, நீங்களாக நீக்கும் வரை அல்லது எண்ணை விடும் வரை பதிவு இருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்து, அவர்களுக்கு வெளிநாட்டு அழைப்பு வர வேண்டிய தேவை இல்லை என்றால், வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கும் வசதியை உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள். ஊரிலிருந்து அண்ணன் தம்பி அழைக்கும் எண் என்றால் மட்டும் இந்தக் கடைசி வசதி உதவாது, வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறவர்களுக்கு அதுவும் பிரச்சினை இல்லை.